கழுவிய பாட்டிலும் தூய பாட்டிலும்



பெரியகுளத்தைக் கடந்து வரும் வராக நதி, மேல்மங்கலம், ஜெயமங்கலம் வழியாக வைகையை நோக்கிச் செல்கிறது. அந்த ஜெயமங்கலத்தில் ஓர் இல்லத்திற்கு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில், நாம் சென்றிருந்தோம். வீட்டுத் தாயார் நம்மை அமரவும் விடாமல் நேரே அடுப்படிக்கு அழைத்துச் சென்றார். சுவரெங்கும் கருஞ்சிவப்புக் கறை. மூலையில் கண்ணாடித் துண்டுகள் கூட்டிக் குவிக்கப்பட்டிருந்தன.

“பண்டிகைக்கென்று கம்பத்துப் பன்னீர்த் திராட்சை வாங்கிச் சாறு காய்ச்சினேன், சாமி. ஆறவைத்து மூன்று பாட்டிலில் ஊற்றி இறுக மூடினேன். நேற்று இரவு அதில் ஒன்று வேட்டுப் போட்டாற்போல் வெடித்துவிட்டது. பேரப்பிள்ளைகள் அந்நேரம் திண்ணையில் இருந்தார்கள், மாதா காப்பாற்றினாள். மூன்றிலும் ஒரே சாறுதானே? பாட்டிலையும் நன்றாகக் கழுவித்தானே வைத்தேன்?”

நாம் விடை தேடுமுன், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அவருடைய மூத்த மகன் குறுக்கிட்டார். “நான் இருக்கும் ஊரில் சிலர் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார்கள், சாமி. காய்ச்சும் நேரத்தைவிடப் பாட்டிலையும் குழாயையும் சுத்தம் செய்யும் நேரந்தான் அதிகம். கழுவுவது ஒரு வேலை, கிருமி நீக்குவது இன்னொரு வேலை என்பார்கள்.”

வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு அமெரிக்க மத்திய அரசு 1978-இல் சட்டத்தின் வழியே இடம் தந்தது. நம் மாநிலத்தில் அதற்கு இடமில்லை. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, அனுமதியின்றி வீட்டில் மது தயாரிப்பது குற்றமாகும். பண்டிகைக்கென்று திராட்சையைப் புளிக்க வைத்து ‘வைன்’ போடுவதும் இதற்கு விலக்கன்று. ஆகவே பீர் காய்ச்சும் முறை நமக்கு வேண்டா. ஆனால் பீர் காய்ச்சுவோர் பட்டறிவால் கற்ற பாட்டில் பாடம், சர்பத்தும் ஊறுகாயும் செய்யும் நம் தாய்மார் அனைவருக்கும் வேண்டும்.

இப்பாடத்தை நாமும் ஒருகால் வெட்கத்தோடு கற்றவரே. குருமடத்தில் பயின்ற நாளில் திருப்பூட்டறைப் பணி ஒரு வாரம் நமக்கு வந்தது. திருப்பலிக்கான இரசக் குப்பியை ஒவ்வொரு நாளும் தண்ணீரில் ஒருமுறை அலசிக் கவிழ்ப்பதோடு நம் கடமை முடிந்ததென்று எண்ணினோம். வார இறுதியில் அதிபர் தந்தை குப்பியை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துக் காட்டினார். அடியில் மெல்லிய செம்படலம். வாயருகே இரண்டு பழ ஈக்கள். முகர்ந்தால் காடி நெடி. திருப்பலி இரசம் கெடாததாய் இருத்தல் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். புதிய இரசத்தைப் பழைய அழுக்கில் ஊற்றிக்கொண்டிருந்தோம் நாம். அதிபர் தந்தை கடிந்துகொள்ளவில்லை. குப்பியையும் ஒரு துரிகையையும் நம் கையில் கொடுத்துவிட்டுச் சென்றார்.

அந்தப் படலத்தில் நிகழ்வது யாது? பழத்தோலிலும் காற்றிலும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு. சர்க்கரையைத் தின்று அது பெருகும்போது சாராயப் பொருளும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. இறுக மூடிய பாட்டிலில் வாயு வெளியேற வழியில்லை; அழுத்தம் ஏற ஏறக் கண்ணாடி வெடிக்கிறது. காடியாக்கும் கிருமி வேறொன்று. அதற்குக் காற்று வேண்டும். ஆதலால் திறந்த குப்பியில் அது செழிக்கும்.

இவ்வுண்மையை உலகிற்குத் தெளிவாக்கியவர்களுள் தலையானவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். 1871-இல் அவர் இலண்டனில் ஒரு பெரிய பீர் ஆலையைக் காணச் சென்றார். அங்கிருந்த ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, வேண்டாத கிருமிகள் அதில் கலந்திருப்பதை ஆலையாருக்கே காட்டினார். அதன்பின் அவர்களும் நுண்ணோக்கி வாங்கினர். 1876-இல் பீரைப் பற்றி அவர் தனி நூலே வெளியிட்டார். பீர் தானாகக் கெடுவதில்லை, வெளியிலிருந்து புகுந்த கிருமியே அதைக் கெடுக்கிறது என்பது அதன் சாரம். இன்று பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் முறைக்கு அவர் பெயரே வழங்குகிறது.

நம் முன்னோர் நுண்ணோக்கி கண்டவரல்லர். எனினும் கலயத்தின் அருமை அறிந்திருந்தனர். பனையேறும் தொழிலாளி கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் அதே மரம், அதே பாளை, இறங்குவது கள். சாறு ஒன்றே; கலயத்தால் வந்த வேறுபாடு அது. ஜெயமங்கலத் தாயாரின் கேள்விக்கும் இதுவே விடை. சாறு ஒன்றாயினும் பாட்டில் மூன்றல்லவா? வெடித்த பாட்டிலின் அடித்துண்டை எடுத்துப் பார்த்தோம். முந்திய ஆண்டுச் சர்பத்தின் காய்ந்த படலம் அதில் ஒட்டியிருந்தது. ஆறிய சாற்றை ஊற்றியதால் அங்கிருந்த ஈஸ்ட் சாகாமல் பிழைத்துக்கொண்டது.

எனவே செய்ய வேண்டியதை முறையாகக் கூறுவோம்.

முதலாவது, அழுக்கு நீக்கம். பாட்டில் காலியானவுடனே அலசிவிடுக. காய்ந்தபின் பாடு இருமடங்கு. வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊறவைத்து, நீண்ட துரிகையால் அடியும் கழுத்தும் தேய்க்க வேண்டும். துரிகை எட்டாவிடில் ஒரு பிடி அரிசியும் சிறிது வெந்நீரும் இட்டுக் குலுக்குக. பின் பன்முறை அலசி, வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்க்க. படலம் தெரிந்தால் மீண்டும் தேய்க்க. வாயில் சில்லு பெயர்ந்த பாட்டிலையும் கீறல் விழுந்த பாட்டிலையும் தயங்காது ஒதுக்குக.

இரண்டாவது, கிருமி நீக்கம். முதற்படி முடியாமல் இதில் இறங்குவது வீண். அழுக்குப் படலத்தின் அடியில் கிருமி ஒளிந்துகொள்ளும். பிளீச்சிங் பவுடரின் வலிமையை அழுக்கே தின்றுவிடும். அகன்ற பாத்திரத்தின் அடியில் துணி விரித்துப் பாட்டில்களைப் படுக்க வைத்து, மூழ்கும்வரை குளிர்ந்த நீர் ஊற்றி அடுப்பேற்றுக. நீர் கொதிக்கத் தொடங்கியபின் 15 நிமிடம் கொதிக்கட்டும். உலோக மூடிகளும் உடன் கொதிக்கலாம். தக்கையாயின் புதியதே நன்று. சூடான பாட்டிலில் குளிர்ந்த நீர் பட்டாலோ, குளிர்ந்த பாட்டிலில் கொதிக்கும் சாறு பட்டாலோ கண்ணாடி விரிசல் விடும் என்பதை மறவற்க.

கொதிக்க வைக்க இயலாத கலன்களுக்குப் பிளீச்சிங் பவுடர் உதவும். 30 சதவிகிதக் குளோரின் உள்ள தூள் 5 கிராமை 10 லிட்டர் நீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிநீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, கொதித்தாறிய நீரால் நெடி போகுமட்டும் அலச வேண்டும். அலுமினியப் பாத்திரத்திற்கு இது ஆகாது. கழிவறை கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்கலாகாது. நச்சு வாயு கிளம்பும்.

மூன்றாவது, தூய்மையைக் காத்தல். கொதித்த பாட்டிலின் உட்புறத்தைத் துணியால் துடைப்பது, வெளியேற்றிய கிருமியை மீண்டும் விருந்துக்கு அழைப்பதாகும். தூய தட்டில் கவிழ்த்து நீர் வடிந்தவுடன், பாட்டில் சூடாயிருக்கையிலேயே, சூடான சாற்றை ஊற்றி மூடுக. வடிகட்டும் துணி, புனல், அகப்பை ஆகியவற்றுக்கும் இதே விதி. பாட்டிலை மட்டும் கொதிக்க வைத்து, அழுக்குப் புனலால் ஊற்றுவோர் பலர்.

இவ்வளவையும் கேட்ட தாயார், “அப்படியானால் இதையும் கொதிக்க வைத்துவிடுகிறேன், சாமி” என்று பரணிலிருந்து நான்காவதாக ஒன்றை எடுத்தார். வெண்ணிறப் பிளாஸ்டிக் கலன், பக்கத்தில் அளவுக் கோடுகள், ஒட்டுத்தாள் உரிக்கப்பட்டிருந்தது. வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போனபோது கொண்டுவந்ததாம். “நான்கு முறை கழுவினேன், நாற்றமே இல்லை” என்றார். நமக்கு நெஞ்சு துணுக்குற்றது. அது பூச்சிமருந்துக் கலன்!

இதனைச் சொல்லவே இத்திங்கள் எழுத முற்பட்டோம். கொதிநீர் கிருமியைக் கொல்லும், நஞ்சைக் கொல்லாது. பிளாஸ்டிக்கினுள் ஊறிய மருந்து, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் சிறிது சிறிதாகக் கசியும். 2013 ஜூலையில் பீகாரின் சாரன் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. அம்மருந்து இருந்த கலனில் எண்ணெய் வைக்கப்பட்டதே காரணமாயிருக்கலாம் என்று அப்போது கூறப்பட்டது. பரிமாறியவர் கையில் வஞ்சகம் இருந்திருக்க வேண்டுவதில்லை; ஒரு காலிக் கலன் போதும்.

மருந்துக் கலன்களை மீண்டும் பயன்படுத்தாமல் அழிக்க வேண்டுமென்பது 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே உண்டு. தெளித்து முடித்ததும் கலனை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, எவரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி துளையிட்டுவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவரலாகாது, வாய்க்காலில் எறியலாகாது, எரிக்கவும் ஆகாது. கம்பம் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் உழைக்கும் ஆடவர் இதனைத் தம் கடமையாகக் கொள்ள வேண்டும். அடுப்படியின் தூய்மை தாய்மார் பொறுப்பு மட்டுமன்று. அன்று அந்த நஞ்சு வீட்டினுள் வந்தது தந்தையின் கைவழியாக அல்லவா?

நாம் விடைபெறுமுன் அவ்வீட்டுப் பெரியவரே அரிவாள் முனையால் கலனில் துளையிட்டார். மகன் எஞ்சிய இரு பாட்டில்களையும் சாக்குத் துணியால் மூடிக் கொல்லைக்கு எடுத்துச் சென்றார். “புதுச் சாறு காய்ச்சுகிறேன், சாமி; பண்டிகையன்று வந்து குடிக்க வேண்டும்” என்றார் தாயார். சென்றோம், குடித்தோம். சாறு இனித்தது. அதைவிட, மேசைமேலிருந்த காலிப் பாட்டிலை அக்குடும்பத்தின் பேத்தி எடுத்து, யாரும் சொல்லாமலே வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தது நமக்கு இனித்தது.