வீட்டில் வார்க்கும் ரப்பர்: எதுவரை?

மும்பையில் கறுப்பு-மஞ்சள் பத்மினிகள் 2023 அக்டோபர் 30 முதல் டாக்ஸியாக ஓடுவதில்லை. ஆனால் குர்லாவில் தயாரான அந்த வண்டியைச் சொந்தக் காராக இன்னும் பாதுகாத்து வருபவர்கள் இருக்கிறார்கள். அப்பா வாங்கிய வண்டி என்பதால் நானும் அவர்களில் ஒருவன்.

இப்படிப்பட்ட வண்டியில் இஞ்சினை விட ரப்பர்தான் அதிகம் படுத்துகிறது. வெயிலும் காற்றும் பட்டு வெடித்துவிடுகிறது. கடையில் கேட்டால், "அது இப்போ வர்றதில்லை சார்" என்கிறார்கள்.

எனவே கதவு பஃபர் ரப்பரை வீட்டிலேயே வார்த்தேன். பழையதை மாதிரியாக வைத்து சிலிகானில் அச்சு எடுத்து, இரண்டு பாகமாக வரும் யூரித்தேனைக் கலந்து ஊற்ற வேண்டும். முதல் அச்சு பிசுபிசுவென்று நின்றுவிட்டது. பழைய ரப்பரில் உள்ள கந்தகம் பிளாட்டினம் வகை சிலிகானை இறுகவிடாது என்று பிறகுதான் தெரிந்தது. டின் வகை வாங்கினேன், சரியாக வந்தது. இதைக் கையுறை போட்டு, காற்றோட்டமான பால்கனியில்தான் செய்ய வேண்டும். சமையல் பாத்திரத்தைத் தொடவே கூடாது.

அது கதவில் கச்சிதமாகப் பொருந்தியதும் என் பையனுக்கு உற்சாகம். "பிரேக் சிலிண்டர் கப்பையும் நாமே செஞ்சிடலாமேப்பா" என்றான். கடைப் பொருளுக்காக வண்டி இரண்டு மாதமாக மூடிக்கிடந்த நேரம் அது. எனக்கும் ஆசைதான். இருந்தாலும் மறுத்துவிட்டேன்.

பார்வைக்கு அச்சு அசலாக இருந்தால் போதாது. அந்தக் கப் பிரேக் ஆயிலில் ஊறி, சூட்டையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். நாம் ஊற்றும் யூரித்தேன் அதற்கு ஏற்றதல்ல. கண்டாலா மலையிறக்கத்தில் அது பிய்ந்தால் பெடல் தரையைத் தொடும். பின்சீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான். வார்ப்பதற்கு முன், "இது பிய்ந்தால் என்ன போகும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீர் வரும், கதவு கடகடக்கும் என்றால் தாராளமாக வாருங்கள். உயிர் போகும் என்றால் வேண்டாம். பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல் குழாய் எல்லாம் இந்த இரண்டாம் வகை.

இன்னொரு விஷயம். தேய்ந்த ரப்பரைக் குப்பையில் போடாதீர்கள். அடுத்தவர் வண்டிக்கு அதுவே மாதிரி. நம் சங்கத்தில் பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் அச்சுகளைப் பகிர்ந்துகொண்டால் எல்லோருக்கும் செலவு மிச்சம்.

என் கதவு பஃபர் அச்சு தயாராக இருக்கிறது. பிரேக் கப் மட்டும் கடையில்தான் வாங்கினேன். அதுவரை வண்டி மூடியே கிடந்தது, எனக்கு வருத்தமில்லை.