கதவு மேல குத்தமில்லை!



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றதும், ‘தொழில்நுட்பமும் நாளைய உலகமும்’ என்று பெரிதாக ஏதாவது எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. இந்த வருஷம் எனக்கு நல்லாத் தெரிஞ்ச தொழில்நுட்பம் ஒன்றே ஒன்றுதான்: கோணலாகிப் போன சமையலறை அலமாரிக் கதவை நேராக்குவது. சிரிக்காதீர்கள். அதில் என் அம்மாவின் சம்பளமும் மானமும் மாட்டிக்கொண்டிருந்தன.

அம்மா சமையல் வேலைக்குப் போகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா வேலை பார்க்கும் ஒரு வீட்டில், சிங்குக்குக் கீழே 900 மி.மீ. அகலத்தில் ஒரு பெட்டி. அதற்கு இரட்டைக் கதவு. வலது கதவு இடது கதவைவிட 5 மி.மீ. இறங்கி, படிக்கட்டு மாதிரி நின்றது. “நீ டமார் டமார்னு சாத்துறதாலதான் இப்படி ஆச்சு. ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ற செலவை இந்த மாசச் சம்பளத்துல புடிச்சுக்குவேன்” என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார்.

அம்மா எதிர்த்துப் பேசவில்லை. என்னிடம், “இருந்தாலும் இருக்கும் பாப்பா. அவசரத்துல வேகமா சாத்தியிருப்பேன்” என்றார். செய்யாத தப்பைத் தானே ஒத்துக்கொள்கிறாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் யார்? டிப்ளமோ மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு! ஞாயிற்றுக்கிழமை ஸ்டார் திருப்புளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இந்தக் கதவுகளில் இருப்பதை ‘ஆட்டோ ஹிஞ்ச்’ என்பார்கள். கதவின் உள்பக்கம் 35 மி.மீ. வட்டக் குழியில் ஒரு கிண்ணம் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு கை நீண்டு, பெட்டியின் பக்கப் பலகையில் இருக்கும் பிளேட்டைப் பிடித்திருக்கும். கையில் முன்னால் இருக்கும் ஸ்க்ரூ கதவைப் பக்கவாட்டில் நகர்த்தும். பின்னால் இருப்பது முன்னும் பின்னும். பிளேட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் மேலும் கீழும். எல்லாமே ஓரிரு மில்லிமீட்டருக்குள்தான்.

முதலில் கதவை மேலே தூக்கினேன். 2 மி.மீ.க்கு மேல் ஹிஞ்ச் இடம் கொடுக்கவில்லை. மீதி 3 மி.மீ.? சாய்த்து மறைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு ஹிஞ்சுக்கும் நடுவில் 500 மி.மீ., கதவின் அகலம் 450. மேல் ஹிஞ்சில் 1 மி.மீ. இழுத்தால் கைப்பிடிப் பக்கம் 0.9 மி.மீ. எழும்பும். அப்படியானால் 3 மி.மீ. எழும்ப 3.3 மி.மீ. வேண்டும். மேல் ஹிஞ்சை வெளிப்பக்கமாகப் பாதி இழுத்தேன். கீழ் ஹிஞ்சை உள்பக்கமாகப் பாதி தள்ளினேன். கணக்கு சரி! ஆனால் இரண்டு கதவுக்கும் இடைவெளி 2 மி.மீ.தானே? கீழ் மூலை பக்கத்துக் கதவில் போய் இடித்தது. அதுவரை கோணலாக இருந்த கதவு, இப்போது சாத்தவே முடியாத கதவாகிவிட்டது.

“பாலிடெக்னிக்ல இதான் சொல்லிக் குடுக்குறாங்களா?” என்றார் வீட்டுக்காரம்மா. நண்பர்களே, அது என்னை மட்டும் கேட்ட கேள்வி இல்லை. நம் எல்லாரையும் கேட்டது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு பாத்திரம் தேய்த்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் தெரு ஆசாரி தாத்தாவிடம் போய் நின்றேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். நான் சொன்ன கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கதவை இம்புட்டு நேரம் பாத்தியே ஆத்தா, பெட்டியைப் பாத்தியா? ஒரு சரடை எடுத்து மூலைக்கு மூலை புடிச்சுப் பாரு.”

மறு ஞாயிறு பிடித்துப் பார்த்தேன். சரடு ஒரு பக்கம் எட்டியது, மறு பக்கம் எட்டவில்லை. டேப் வைத்தேன். ஒன்று 1149½ மி.மீ., இன்னொன்று 1155½. ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம்! செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். அது ஒரு பெட்டிக்குள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ரசமட்டத்தை வைத்தால், பெட்டியின் வலது முன்கால் 5 மி.மீ. இறங்கியிருக்கிறது. ஏன்? சிங்கின் கழிவுக் குழாய் இணைப்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பெட்டியோ பார்ட்டிகிள் போர்டு. தண்ணீர் குடித்து உப்பி, காலைப் பிடித்திருந்த ஸ்க்ரூ பிடிமானம் இழந்துவிட்டது. கால் இறங்க, பெட்டி கோண, கதவு தொங்கியது. அம்மா டமார் என்று சாத்தியதால் இல்லை!

குழாய் இணைப்பை இறுக்கினேன். பலகையைத் துடைத்துக் காயவிட்டு, உள்ளே ஒரு பிளைவுட் துண்டு கொடுத்துக் காலை மறுபடி முடுக்கினேன். காலைத் திருகித் திருகி உயர்த்தியதில் இரண்டு மூலையும் 1152½-க்கு வந்தன. ஹிஞ்சுகளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். கதவு தானாகவே முக்கால்வாசி நேராகிவிட்டது. மிச்சத்துக்கு மேல் ஹிஞ்சில் அரைச் சுற்று, அவ்வளவுதான்.

“ஓ, தண்ணியா? சரி” என்றார் வீட்டுக்காரம்மா. மன்னிப்பெல்லாம் இல்லை. ஆனால் சம்பளம் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது அம்மா கேட்டார்: “இந்த வேலை செய்யவா பாப்பா உன்னைப் படிக்க வெச்சேன்?” “இதுக்கும்தாம்மா” என்றேன்.

இதிலிருந்து நான் சொல்ல வருவது இரண்டே விஷயம்தான்.

ஒன்று: திருப்புளி பிடிப்பது நமக்குக் குறைச்சல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். லேட்டரல் என்ட்ரியில் பி.இ. போனால் போதும், கை அழுக்காகாது என்று கனவு. போகலாம், நானும் போக ஆசைப்படுகிறேன். ஆனால் என் கணக்கு தாத்தாவின் சரடு இல்லாமல் தோற்றது. கணக்கும் வேண்டும், சரடும் வேண்டும்.

இரண்டு: கோணல் எங்கே தெரிகிறதோ அங்கேயே திருகுவது நம் பழக்கம், கடைசியாகத் தொட்டவர் மேல் பழி. தமிழ் மீடியத்தில் படித்து வந்து முதல் செமஸ்டரில் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து முழிப்பவனையும், ராத்திரி வேலைக்குப் போய்விட்டு வகுப்பில் தூங்குபவனையும் “மண்டையில ஏறல” என்று நாமே சொல்லவில்லையா? அவன் எந்தப் பெட்டியில் மாட்டியிருக்கிறான் என்று யாராவது அளந்து பார்த்தோமா?

பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம் விடுதி அலமாரிக் கதவுகளில் பாதி தொங்குகின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை ஒர்க்‌ஷாப் கருவிகளைக் கேட்டு வாங்கி நாமே சரிசெய்வோம். சிறப்பு விருந்தினராக ஓர் ஆசாரியைக் கூப்பிடுவோம், பொன்னாடையும் போர்த்துவோம். பாடம் அவர் எடுக்கட்டும், குறிப்பு நாம் எடுப்போம்.

முதலில் பெட்டியை அளப்போம். அப்புறம் திருப்புளியைத் தொடுவோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் துறை