ஒலிச் சுவடிகள்

போகிப் பண்டிகையன்று விடியற்காலையில் எங்கள் காங்கேயத்துத் தெருக்களில் ஒரு சுற்று வந்தால், ஒவ்வொரு குடும்பத்தின் சரித்திரத்தையும் அதன் வாசலில் குவித்திருக்கும் குப்பையைக் கொண்டே படித்து விடலாம். கிழிந்த பாய், உடைந்த முறம், பழைய பஞ்சாங்கம் இவற்றுடன் சில வருஷங்களாக ஒரு புது விருந்தாளியும் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. பழுப்பு நிற நாடா குடல் சரிந்தாற்போல வெளியே தொங்கும் கேஸட்டைத்தான் சொல்லுகிறேன். "பாடுகிற பெட்டியே போய்விட்டது, இது எதற்கு?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

கேள்வி நியாயமானதுதான், ஆனால் புதியது அல்ல. "படிக்கிறவரே போய்விட்டார், இந்த ஏடு எதற்கு?" என்று நம் முன்னோர் சிலரும் ஒரு காலத்தில் கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல், ஆடிப் பெருக்கன்று சுவடிக் கட்டுகளை ஆற்று வெள்ளத்தில் விட்டார்கள். மிஞ்சியவற்றைத் தேடிக்கொண்டு டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்த கதை நேயர்கள் அறிந்ததே.

பனையோலை சிரஞ்சீவி அன்று. சில நூற்றாண்டுகளில் அது செல்லரித்துப் பொடியாகிவிடும். அப்படியிருக்க, ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டுக்கள் நம் கைக்கு எவ்வாறு வந்தன? தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் விளக்கின் முன் உட்கார்ந்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதி வைத்ததனால்தான் வந்தன. காப்பது என்றால் பூட்டி வைப்பது அல்ல, பெயர்த்து எழுதுவது என்பதைத் தமிழர்கள் வெகு நாளைக்கு முன்பே கண்டு கொண்டார்கள். இசைத்தட்டையும் ஒலிநாடாவையும் கம்ப்யூட்டரில் டிஜிட்டல் கோப்பாக மாற்றுவதும் இந்த ஏடு பெயர்த்தெழுதும் வேலையேதான். எழுத்தாணிக்குப் பதில் ஒரு கம்பி, அவ்வளவே வித்தியாசம்.

நமது தேசத்தில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று பாட்டைத் தட்டில் பதித்தது 1902-ஆம் வருஷத்தில், கல்கத்தாவில். 1908-இல் அந்நகரிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை ஏற்பட்டது. நாய் முத்திரையும் மற்ற முத்திரைகளும் தாங்கிய "பிளேட்"டுகள் பிறகு தமிழ் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பரவின. எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் கம்பீரக் குரல், நாடகக் கொட்டகைக்கே போகாத ஜனங்களையும் எட்டியது அந்த அரக்குத் தட்டுகளின் தயவினால்தான். அவருடைய கணவர் எஸ். ஜி. கிட்டப்பாவின் விஷயம் இன்னும் உருக்கமானது. தமிழில் பேசும் படம் வந்தது 1931-இல். கிட்டப்பா காலமானது 1933-இல். எந்தப் படத்திலும் அவர் நடிக்கவில்லை. ஆகையால் அவர் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது இசைத்தட்டுகளில் மட்டுமே. பாரதியாருடைய குரலோ அப்படியும் நமக்குக் கிட்டவில்லை. ஒரு தட்டின் விலை என்ன என்பதை இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால் தெரிந்து கொள்ளலாம்.

இத்தகைய பழைய தட்டுகளைக் காப்பாற்றுவதற்குச் சில பெரியவர்கள் முன் வந்திருக்கிறார்கள். 1935 முதல் 1955 வரை பம்பாயில் "யங் இந்தியா" என்ற சுதேசி முத்திரையோடு வெளிவந்த தட்டுகளையும், "ஓடியன்" முத்திரைத் தட்டுகளையும் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தார் தேடி எடுத்து, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் டிஜிட்டலாக மாற்றினார்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய இசைத்தட்டுகளைச் சேகரித்துப் பேணி வருகிறது. சினிமாப் பாட்டுக்களைப் பற்றியோ கவலையே வேண்டாம். ஒரே பாட்டு ஆயிரக்கணக்கான வீடுகளில் இருந்தது. ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும்.

நிற்க. நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் கேஸட்டுகளின் கதி என்ன? 1963-இல் பிலிப்ஸ் கம்பெனியார் வெளியிட்ட இந்தச் சிறு பேழையின் பெருமை, பாட்டைக் கேட்க மட்டுமின்றிப் பதியவும் அது ஏழைக்கும் எளியவர்க்கும் இடம் கொடுத்ததுதான். பாட்டி பாடிய தாலாட்டு, துக்க வீட்டு ஒப்பாரி, கோயில் நோன்பில் நடந்த உடுக்கையடிப் பாட்டு, குழந்தையின் முதல் மழலை, சிங்கப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ சம்பாதிக்கப் போனவர் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய நாடா இவையெல்லாம் அதில் ஏறின. இவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. எந்தக் கம்பெனியாரும் இவற்றை மறுபதிப்புச் செய்யப் போவதில்லை. எந்த நூலகத்தாருக்கும் இவை இருப்பதே தெரியாது.

இதற்கு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1960-களின் நடுவில், பிரெண்டா பெக் என்னும் இளம் பெண்மணி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவியாகக் கொங்கு நாட்டுக்கு வந்தார். காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கினார். பொன்னர் சங்கர் என்று பிரசித்தி பெற்ற அண்ணன்மார் சுவாமி கதையை அவ்வூரில் பல இரவுகள் பாட வைத்து, 1965-இல் முழுவதையும் ஒலிநாடாவில் பதிந்தார். முப்பது மணி நேரத்துக்கும் மேற்பட்ட பெருங்கதை அது. அதை ஆராய்ந்து 1982-இல் ஓர் ஆங்கில நூல் எழுதினார். பிற்காலத்தில் அக்கதையைச் சித்திரப் படத் தொடராகவும் ஆக்கினார். அவருடைய சேகரிப்பு இன்று கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்து ஸ்கார்பரோ வளாக நூலகத்தின் டிஜிட்டல் தொகுப்பில் இடம் பெற்றிருக்கிறது.

அந்தக் கதை இன்றும் கொங்கு நாட்டில் பாடப்படுகிறது. ஆனால் 1965-ஆம் வருஷத்து இரவுகளில் ஓலப்பாளையத்தில் அது எவ்வாறு ஒலித்தது என்று அறிவதற்கு அந்நிய நாட்டிலிருந்து வந்தவர் ஒருவர் பதிந்து வைத்ததைத்தான் நாம் நாட வேண்டியிருக்கிறது. அந்த அம்மையாருக்கு நாம் நன்றி செலுத்த வேண்டியதுதான். ஆயினும் அதே கதையை, அதே நோன்புகளில், நம் வீட்டு மாமன்மாரும் சித்தப்பாமாரும் எத்தனை கேஸட்டுகளில் பதிந்தார்கள்? அவை எங்கே? இரும்புக் கடையில் இருக்கின்றன. போகி நெருப்பில் போயின. தப்பியவை பரண் மேல் இருக்கின்றன.

பரண் மேல் இருப்பவற்றுக்கும் அதிகக் காலம் இல்லை. நாடா என்பது மெல்லிய பாலியெஸ்டர் பட்டையின் மேல் இரும்பு ஆக்ஸைடுத் தூளை ஒரு பசையால் ஒட்டியது. 4 மில்லிமீட்டர்கூட அகலமில்லை. உஷ்ணத்தில் பசை கெடும். ஈரத்தில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். உள்ளேயிருக்கும் கம்பளித் துண்டு கழன்று விழும். எனினும் நாடாவுக்கு முன் யந்திரம் செத்துவிடும் என்பதுதான் உண்மையான அபாயம். நல்ல நாடாப் பெட்டிகளைச் செய்வோர் அருகிவிட்டனர். பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. என் வகுப்பில் ஒரு கேஸட்டையும் பென்சிலையும் காட்டி, இவ்விரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை! தொய்ந்த நாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்குவது என்ற அரிய கலை அடியோடு மறைந்து போயிற்று.

காரியத்துக்கு வருவோம். முதலில் ஜாபிதா எழுதுங்கள். கடையில் வாங்கியவற்றை ஒதுக்கி, வீட்டில் பதிந்தவற்றை முன்னால் வையுங்கள். பூஞ்சை கண்டதைப் பெட்டியில் போடாதீர்கள். யந்திரமும் கெடும், அடுத்த நாடாவும் கெடும். மற்றவற்றை ஒரு முறை முழுதும் முன்னோக்கி ஓட்டிப் பின்னோக்கிச் சுற்றிக் கொள்ளுங்கள். முதுகிலுள்ள சிறு காதுகளை உடைத்துவிட்டால், தவறி அழித்துப் பதியும் ஆபத்து நீங்கும். பெட்டியின் காந்தத் தலையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சினால் துடைக்க வேண்டும். ஒலி மந்தமாகக் கேட்டால், அத்தலையின் பக்கத்திலுள்ள சிறு திருகைச் சற்றே திருப்பினால் தெளிவு வரும்.

பிறகு பெட்டியையும் கம்ப்யூட்டரையும் யு.எஸ்.பி. ஒலிக் கருவி ஒன்றின் மூலம் இணைக்க வேண்டும். "ஆடாசிட்டி" என்னும் மென்பொருள் இனாமாகவே கிடைக்கிறது. ஒலி அளவு உச்சத்திலும் பூஜ்யத்துக்கு 6 டெசிபல் கீழே நிற்கும்படி பார்த்துக் கொள்ளுங்கள். மேலே முட்டினால் கரகரப்பு ஏறும், அதை நீக்க மருந்து இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் "வேவ்" கோப்பாகப் பதிந்தால் மணிக்குச் சுமார் 1 ஜிகாபைட் ஆகும். இதுவே மூல ஏடு. உறவினருக்கு அனுப்ப "எம்.பி.3" போதும், ஆனால் அதை மட்டும் வைத்துக் கொள்வது கருப்பட்டியை விற்றுவிட்டுப் பாகுச் சட்டியை நக்குவதற்குச் சமானம். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலத்தில் கை வைக்கவும் வேண்டாம். பாட்டியின் பாட்டுக்குப் பின்னால் கேட்கும் கோழியும் பம்புசெட்டும்கூடச் சரித்திரமே.

இசைத்தட்டுக்கு ஓர் எச்சரிக்கை. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டு அரக்கினால் ஆனது. மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடும் ஆசாரியைக் கேளுங்கள்; அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பூசுகிறேன் என்பார். ஆகவே அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தால் பாட்டும் கரைந்து போகும். சாதாரணச் சோப்பு நீரால், நடுச் சீட்டு நனையாமல் துடைக்க வேண்டும். அதன் பள்ளம் அகலமானது. பிற்காலத்து வினைல் தட்டின் ஊசி அதற்குப் பொருந்தாது. தனி ஊசி வேண்டும். அழகுக்காக வைத்திருக்கும் பழைய கிராமபோன் பெட்டியின் இரும்பு ஊசியில் ஓட்டினாலோ, ஒவ்வொரு தடவையும் தட்டு தேயும்.

சட்டத்தையும் சொல்லி விடுகிறேன். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான மறு வருஷத்திலிருந்து 60 வருஷம் நிற்கும். பாட்டை இயற்றியவரின் உரிமை தனி. கம்பெனி நாடாவைச் சொந்த உபயோகத்துக்குப் பெயர்த்துக் கொள்வது வேறு. ஊருக்கெல்லாம் பரப்புவது வேறு. வீட்டுக் குரல்களில் இந்தச் சங்கடம் குறைவு. ஆனால் பாடியவரிடமோ அவர் மக்களிடமோ கேட்ட பிறகே வெளியிடுவதுதான் மரியாதை.

எல்லாவற்றிலும் முக்கியமான வேலைக்கு யந்திரமே வேண்டாம். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருஷம் என்பதைக் கோப்போடு எழுதி வைப்பதே அது. பெயரில்லாத குரல் முகவரியில்லாத கடிதம் போன்றது. அந்தக் குரலை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்று நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். நாடா பத்து வருஷம் காத்திருந்தாலும் அவர்கள் காத்திருப்பார்கள் என்பது நிச்சயமில்லை. எழுதிய பின் மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். மூல நாடாவையும் எறிய வேண்டாம்.

ஒரு மணி நேர நாடாவைப் பெயர்க்க ஒரு மணி நேரம் ஆகத்தான் ஆகும். இதில் குறுக்கு வழி இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரமும் குடும்பத்தார் கூடி உட்கார்ந்து கேட்கலாமே! எங்கள் சிவன்மலை முருகன் கோயிலில் உத்தரவுப் பெட்டி ஒன்று உண்டு. பக்தர் கனவில் ஆண்டவன் சொல்லும் பொருள் அதில் வைக்கப்படும். ஒரு கேஸட்டை வைக்கும்படி உத்தரவாகட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையே பரணுக்கு ஏணி போடலாம்.