சொந்த விருப்பத்தின் பேரில் ஒரு டி.சி.

‘என் மகனை என் சொந்த விருப்பத்தின் பேரில் பள்ளியிலிருந்து விடுவித்துக்கொள்கிறேன்.’

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதத்தில், சேரியில் எங்கள் மாலை வகுப்புக்கு வந்த ஒரு அக்கா தன் மகளின் செல்போனில் இந்த வரியைக் காட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். கடிதமோ பிழையில்லாத தமிழில் இருந்தது. பள்ளி அலுவலகத்திலேயே எழுதி வைத்துக்கொண்டு, ‘இங்க ஒரு கையெழுத்து போடும்மா’ என்று நீட்டியிருக்கிறார்கள். அவரும் போட்டுவிட்டு, கொடுத்த டி.சி.யை மடித்து ரேஷன் அட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பையன் ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வாரமே தண்ணீர் கேன் வண்டியில் ஏறிவிட்டான்.

அவன் செய்த குற்றம் என்ன? கணக்கில் பெயில். அது ஒன்று. இன்னொன்று, பேருந்தில் சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவனைத் திருப்பி அடித்தான். விசாரித்த தலைமையாசிரியர், ‘ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு’ என்று தராசு பிடித்தார். அப்புறம் இரண்டு பேரிடமும் ‘அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா’ என்றார். அந்தப் பையனின் அப்பா மறுநாள் காலையிலேயே பைக்கில் வந்து, தலைமையாசிரியர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். நம் பையனின் அம்மாவுக்கு அது நடவு நேரம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவதற்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அவன் சீருடையோடு கிளம்பி, பேருந்து நிலையத்தில் உட்கார்ந்துவிட்டு, மணி அடிக்கும் நேரம் பார்த்து வீடு திரும்பியிருக்கிறான். வருகைப் பதிவேட்டில் அது ‘தகவலின்றி விடுப்பு’. ஒரே உத்தரவு, இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. இதில் யாரும் யாரையும் சாதி சொல்லித் துரத்தவில்லை, பார்த்தீர்களா?

அரசாங்கக் கணக்கில் இதன் பெயர் இடைநிற்றல். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்களே, அந்தப் பாடத்தை அவர்களுக்கே நாம் திருப்பிச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. ‘நிற்றல்’ என்றால் பிள்ளை தானாக நின்றுகொண்டது என்று பொருள். வறுமையால் நின்றது, ஆர்வமில்லாமல் நின்றது, குடும்பச் சூழலால் நின்றது. எழுவாய் எப்போதும் பிள்ளைதான். நிறுத்தியவர் வாக்கியத்திலேயே கிடையாது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 16: தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. 2019இல் இந்தச் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் பெயில் ஆக்க வழி திறந்தபோதுகூட, வெளியேற்றக் கூடாது என்ற வரியில் கை வைக்கவில்லை. ஆனால் தொடக்கக் கல்வி என்பது எட்டாம் வகுப்போடு முடிகிறது. அந்தக் குடை மடங்குகிற இடத்தில்தான் ஒன்பதாம் வகுப்பு நிற்கிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் நூறு சதவீதம் காட்ட வேண்டிய பள்ளி, தேறமாட்டான் என்று தோன்றுகிற பிள்ளையைப் பத்துக்குள் வர விடாமல் பார்த்துக்கொள்வது இங்கேதான். பதாகையில் ‘100% தேர்ச்சி’ என்று போடுகிறார்களே, எத்தனை பேரைக் கழித்துவிட்டு வந்த நூறு என்று யாரும் கேட்பதில்லை. ஒன்பதாம் வகுப்பின் ஜூன் மாதப் பெயர்ப் பட்டியலையும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். வைத்துப் பார்க்க யாருக்கும் மனமில்லை.

இதில் ஒரு வேடிக்கை. கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டித் தனியார் பள்ளிகள் டி.சி.யைத் தராமல் இழுத்தடிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. அங்கே கேட்டாலும் கிடைக்காத காகிதம், நம் பிள்ளைகளுக்குக் கேட்காமலே கிடைக்கிறது.

ஆசிரியர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு நாங்குநேரியே சாட்சி. 2023 ஆகஸ்ட். வள்ளியூரில் பிளஸ் டூ படித்த நம் பையன், உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். பள்ளியிலிருந்து ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். பெரும்பாலான பள்ளிகள் அதைக்கூடக் கேட்பதில்லை. பையன் நடந்ததைச் சொன்னான். புகார் ஆனது. வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. கேட்க ஆள் இருந்தது, கேட்டபிறகு பிள்ளையைக் காக்க ஆள் இல்லை. பள்ளிக்கும் போலீசுக்கும் நடுவில், பள்ளிக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் நடுவில், பள்ளிக்கும் சேரிக்கும் நடுவில் ஒரு கயிறுகூடக் கட்டியிருக்கவில்லை. அந்தப் பையன் மருத்துவமனையில் கிடந்து எழுந்து, பிளஸ் டூவில் 600க்கு 469 வாங்கினான். எல்லோரும் பாராட்டினோம். வெட்டுப்படாமலே அந்த மதிப்பெண்ணை அவன் வாங்கியிருக்க வேண்டும் என்பதை எத்தனை பேர் சொன்னோம்?

அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு, பள்ளிப் பெயரில் இருக்கும் சாதி, வகுப்பில் எல்லோர் முன்னாலும் ‘ஸ்காலர்ஷிப் பசங்க எழுந்திருங்க’ என்று கூப்பிடுவது என எல்லாவற்றையும் அது தொட்டது. தொலைக்காட்சி விவாதங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கின, நெற்றிப் பொட்டு வரைக்கும் போயின. எங்களுக்கு முக்கியமாகப் பட்டது, விவாதத்தில் யாரும் தொடாத ஒன்று: 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு நல அலுவலர். பாடம் நடத்தாத, ரிசல்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிராத, பிள்ளை ஏன் வரவில்லை என்று வீடு தேடி வரக்கூடிய ஒரு ஆள். அப்படி ஒருவர் இருந்திருந்தால் எங்கள் பையனின் நான்கு நாள் பேருந்து நிலையத்தில் போயிருக்காது.

‘பெற்றோர் பள்ளிக்கு வர வேண்டும்’ என்பதைத்தான் இவர்கள் கூட்டுப் பொறுப்பு என்கிறார்கள். தினக்கூலிக்காரரைக் கூலி நேரத்தில் கூப்பிட்டு, நிற்க வைத்துத் திட்டி அனுப்புவதற்குக் கூட்டுப் பொறுப்பு என்று பெயர் கிடையாது. மாலை ஆறு மணிக்கு மேல் பள்ளி சேரிக்கு வரட்டும். ஆதிதிராவிடர் நல விடுதிப் பிள்ளை என்றால் விடுதிக் காப்பாளர் அந்தப் பேச்சில் உட்காரட்டும். சாதிப் பெயரில் தொடங்கிய அடிதடி என்றால் ‘ரெண்டு பேர் மேலயும் தப்பு’ என்ற தராசைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, முதலில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று எழுதட்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, பெற்றோர் கேட்டதாகச் சொல்லும் எந்த டி.சி.யும் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பேசாமல், பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்காமல் கொடுக்கப்படக் கூடாது என்று அரசாணை வேண்டும். இதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. ரிசல்ட்டை மட்டும் வைத்துத் தலைமையாசிரியரை மிரட்டும் ஆய்வுக் கூட்டங்களை முதன்மைக் கல்வி அலுவலர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். சேர்த்த பிள்ளைகளில் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள் என்று கேட்கட்டும், தேர்ச்சியை அப்புறம் பேசலாம்.

நம் பக்கமும் ஒரு குறை இருக்கிறது தோழர்களே. கொலை விழுந்தால் நாம் சாலையில் உட்காருகிறோம். 2022இல் பெருந்துறை அருகே பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த செய்தி வந்தபோது நாடே கொதித்தது, தலைமையாசிரியை கைதானார். மே மாதத்தில் சத்தமில்லாமல் கொடுக்கப்படும் டி.சி.க்கு நாம் ஒரு சுவரொட்டிகூட ஒட்டியதில்லை. அதில் ரத்தம் இல்லை, படம் இல்லை. அந்தப் பையன் ஐந்து வருடம் கழித்து எந்தப் புள்ளிவிவரத்திலும் வரமாட்டான். அடிமாட்டுக் கூலிக்கு ஆள் கிடைக்கும் ஊரில் மட்டும் வருவான்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 21 சொல்கிறது. 2024இல் தமிழ்நாட்டில் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு அரசுப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள். உங்கள் பள்ளியின் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா? நம் தெருவிலிருந்து உறுப்பினரான அக்காவுக்குத் தான் உறுப்பினர் என்பதாவது தெரியுமா? எங்கள் ஊரில் தெரிந்திருக்கவில்லை. கூட்டம் முடிந்தபிறகு நோட்டு அவர் வீட்டுக்கு வரும், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்த நோட்டை வைத்துத்தான் நாங்கள் பேசினோம். அம்மாவையும் குழு உறுப்பினரான அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு ஏழு பேர் போனோம். ‘பெயர் எடுத்தாச்சு, கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, ஒண்ணும் பண்ண முடியாது’ என்றார்கள். எமிஸில் பொதுத் தொகுப்புக்குப் போன பெயரை அதே பள்ளி மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று எங்களுக்குச் சொன்னது அந்தப் பள்ளியிலேயே வேலை பார்க்கும் ஒருவர்தான், தாழ்வாரத்தில், மெல்லிய குரலில். மனுவில் பிரிவு 21ஐ எழுதினோம். கல்விக்கூடத்துக்குள் நுழைய விடாமல் தடுப்பதும் குற்றம் என்று 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சொல்வதையும் எழுதினோம். 14417க்கும் போன் போட்டோம். மூன்றாவது முறை போனபோது நாற்காலி போட்டார்கள். அக்கா உட்காரவில்லை, பழக்கமில்லை என்றார். நாங்கள் சொல்லிச் சொல்லித்தான் உட்கார்ந்தார். ஜூன் மாதம் பையன் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தான்.

பொதுத்தேர்வில் கணக்கில் பெயில். அந்தப் பள்ளியின் நூறு சதவீதம் அந்த வருடம் உடைந்தது. துணைத்தேர்வில் 41 வாங்கினான். இப்போது ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறான், சாயங்காலம் எங்கள் வகுப்புக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித் தருகிறான். கணக்கில்தான்.