விரல் வேலைக்கு டெபாசிட் எதற்கு?



“வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி. கை நிறையச் சம்பளம். பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும்.” இந்த விளம்பரம் வந்து விழாத கைப்பேசி தாராவியில் உண்டா? வேலை கொடுப்பவன் கூலி கொடுக்க வேண்டும். உழைக்க வந்தவனிடமே பணம் கேட்பவன் முதலாளி அல்ல, பிக்பாக்கெட்!

பணம் கட்டியதும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவான். நூற்றுக்கணக்கான பக்கங்களை இரவு பகலாக அடித்துக் கொடுத்தபின், “பிழை அதிகம், நஷ்டஈடு கட்டு” என்று வக்கீல் நோட்டீஸ் வரும். அதைக் கண்டு நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். நோட்டீசைச் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள்.

உண்மையான வேலையும் இருக்கிறது. ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன் பிளஸ் டூ படித்தவர்களுக்கு நடத்தும் தேர்வில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் பதவி உண்டு. பொதுப் பிரிவுக்கு வயது 18 முதல் 27 வரை. 7-வது சம்பளக் கமிஷன்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 25,500 ரூபாய். தேர்வுக் கட்டணம் 100 ரூபாய்தான். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் அதுவும் இல்லை. பெரும்பாலான இலாகாக்களில் மணிக்கு 8,000 விசை அடிக்க வேண்டும். அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 27 ஆங்கில வார்த்தைகள். தினம் ஒரு மணி நேரம் விசைப்பலகையைப் பார்க்காமல் பழகினால் சில மாதங்களில் கை வந்துவிடும். மெட்ரிக்கோடு நின்ற நானே ரயில்வேயில் குமாஸ்தா. ஆனால் இன்று எங்கள் இலாகாவின் ஜூனியர் கிளார்க் வேலைக்கும் பிளஸ் டூ வேண்டும். ஆகவே பிள்ளையின் படிப்பைப் பத்தாவதோடு நிறுத்தாதீர்கள்.

1966-ல் சிவசேனை தோன்றியபோது அதன் கோபம் முதலில் பாய்ந்தது தென்னிந்தியக் குமாஸ்தாக்கள் மீதுதான். டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படித்து வந்தவர்கள் அவர்கள். தோல் பதனிட வந்த திருநெல்வேலிச் சீமை உழைப்பாளிக்கு அந்த நாற்காலி எட்டவில்லை. ‘மதராசி’ என்ற வசை மட்டும் இருவருக்கும் பொதுவாகக் கிடைத்தது!

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பார்த்து அடிக்கும் வேலையை இப்போது இயந்திரமே செய்யத் தொடங்கிவிட்டது. வேகம் மட்டும் போதாது. எக்செல் தெரிய வேண்டும், அடித்ததைச் சரிபார்க்கத் தெரிய வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினால் ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் நாம் அலையும் அலைச்சல் கொஞ்சமா? தமிழும் மராத்தியும் இந்தியும் அறிந்த நம் பிள்ளைகளுக்கு அந்தப் பிழை சட்டென்று கண்ணில் படும்.

அரசு ஆபீசிலேயே இந்த வேலையைக் காண்டிராக்டரிடம் விட்டுக் குறைந்த கூலிக்கு வாங்குகிறார்கள். போகாதே என்று சொல்ல மாட்டேன், அடுப்பு எரிய வேண்டுமே. ஆனால் சேரும் நாளிலேயே நியமனக் கடிதமும் பி.எஃப். எண்ணும் கேளுங்கள். தனியாகக் கேட்டால் முறைப்பான். நாலு பேராகக் கேளுங்கள்.

அப்பாவுக்கு ஊரில் கொடுத்த சாதிச் சான்றிதழ் எங்கே இருக்கிறது? இங்கே பிள்ளைக்குச் சான்று வாங்க அதைத்தான் கேட்பார்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வரும்போது பெட்டியைக் குடையாமல், அடுத்த முறை ஊருக்குப் போகும்போதே தேடி எடுத்து வாருங்கள்.