லாரி ஓட்டுநரின் தோற்றமும் தொழிலின் ஆக்கமும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டுப் பழமொழி. இது வக்கீலுக்கும் உபாத்தியாயருக்கும் பொருந்தும் என்பதை எவரும் மறுப்பதில்லை. லாரி ஓட்டுபவருக்கும் பொருந்துமோ என்று கேட்பின் பலர் நகைப்பர். "சரக்குப் போய்ச் சேர்ந்தாற் போதும்; ஓட்டுகிறவன் சட்டை எப்படியிருந்தால் நமக்கென்ன?" என்பது அவர்தம் வாதம். மேலெழுந்தவாறு பார்க்குங்கால் இது நியாயம்போலத் தோன்றினும், சிறிது ஆராய்வார்க்கு இதன் குறை விளங்காமற் போகாது. நம் கல்லூரியில் வணிகம் பயில்வோருட் பலர் நாளை லாரி உடையவராகவோ, லாரியிற் சரக்கு அனுப்பும் வியாபாரியாகவோ ஆகப்போகின்றவர். பழைய மாணவருட் சிலர் இன்றே அந்நிலையில் உள்ளவர். ஆதலின் இவ்விஷயத்தை இங்கு ஆராய்தல் தகுமென எண்ணுகின்றோம்.

நமக்கு அண்மையிலுள்ள சத்தியமங்கலத்தையே எடுத்துக்கொள்வோம். பவானியாற்றங்கரையில், மலையடிவாரத்தில் அமைந்த ஊர் அது. அங்கிருந்து மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் கோயம்புத்தூருக்கும் மைசூருக்கும் பெங்களூருக்கும் செல்கின்றன. மலைமேலுள்ள தாளவாடிப் பகுதியிலிருந்து முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் கரும்பும் கீழே வருகின்றன. மைசூர் செல்லும் பூவும் தாளவாடியிலிருந்து இறங்கும் சரக்கும் திம்பம் மலைப்பாதையைக் கடந்தாக வேண்டும். அப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுற்றிலுமுள்ள காடு 2013-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக்கப்பட்டது. வனவிலங்குகளின் பாதுகாப்பை முன்னிட்டு, 2022-ஆம் ஆண்டு முதல் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி இரவிற் சரக்கு வண்டிகள் அவ்வழியே செல்லுதல் தடுக்கப்பட்டது. தடை தொடங்கும் வேளைக்குப்பின் பண்ணாரியை அடைந்த வண்டி பொழுது விடியும்வரை அங்கேயே நிற்கவேண்டியதுதான். மல்லிகையோ ஒருநாட் செல்வம். விடியும்வரை அது காத்திராது. இத்தகைய பாதையில் வியாபாரியின் முதல் யார் கையில் இருக்கின்றது? கணக்கப்பிள்ளையின் கையிலன்று, சக்கரம் பிடித்த ஓட்டுநரின் கையில்.

வியாபாரி தன் சரக்கோடு தான் செல்வதில்லை. மைசூரிலுள்ள மண்டிக்காரர் அவரது முகத்தை ஒருமுறையும் கண்டிராமலிருக்கலாம். அவர் காண்பது ஓட்டுநர் ஒருவரையே. ஓட்டுநர் வந்து இறங்கும் தோரணையும், கடிதங்களை எடுத்து நீட்டும் ஒழுங்கும், பேசும் பேச்சின் பணிவுமே அனுப்பியவரின் நாணயத்துக்குச் சாட்சியாகின்றன. கசங்கிய பில்லை இருக்கைக்கடியில் தேடி எடுப்பவரைக் கண்டால், சரக்கையும் இப்படித்தானே கொண்டுவந்திருப்பார் என்ற ஐயம் எழுதல் இயல்பு. முகங்கழுவித் தலைவாரி, துவைத்த காக்கிச் சட்டையுடன் வந்து, "ஐயா, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பாரிடம் அவ்வையம் எழுவதில்லை. அடுத்த லோடும் அவருக்கே கிடைக்கின்றது.

ஆயினும் தோற்றம் என்பது சட்டைமட்டுமன்று. தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கும் செம்மை, கண்ணாடியின் துப்புரவு, விளக்குகள் எரியும் நிலை, சக்கரங்களின் காற்று ஆகிய இவையும் ஓட்டுநரின் தோற்றமேயாம். வண்டியும் அவர் உடுத்த ஆடை போன்றது. வெள்ளைச் சட்டையணிந்தும் டீசல் திருடுவோர் உண்டு. மசி படிந்த கையோடு மாசற்ற மனமுடையோரும் உண்டு. எனவே தோற்றத்துக்கும் ஒழுக்கத்துக்கும் மாறுபாடு நேருமாயின் ஒழுக்கத்தின் பக்கமே நிற்க வேண்டுமென்பது நம் கொள்கை. தோற்றம் வாயிலைத் திறக்கும். உள்ளே நிலைநிறுத்துவது தொழிற்றிறனே.

அத்தொழிற்றிறன் எத்தகையது என்பதைத் திம்பம் நன்கு உணர்த்தும். இறங்கும்போது கீழ்க்கியரில் இட்டு எஞ்சினாலேயே வேகத்தை அடக்கவேண்டும். பிரேக்கையே நம்பினால் அது சூடேறிக் கைவிடும். குறுகிய வளைவில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். காராப்பள்ளம், ஆசனூர்ப் பக்கங்களில் யானைகள் கரும்பு லாரிக்காகச் சாலையோரம் காத்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். இரக்கத்தினாலோ விளையாட்டினாலோ நாலு கழிகளை ஓட்டுநர் வீசிவிட்டுப் போகின்றார். யானை அச்சுவையை மறப்பதில்லை. அடுத்து வரும் வண்டியை மறிக்கின்றது. முன்னவர் செய்த தருமத்துக்குப் பின்னவர் உயிரால் விலைகொடுக்க நேரலாம். தனக்குப் பின்னே வருகின்றவரை நினைந்து நடத்தலே தொழில் ஒழுக்கத்தின் உயிர்நிலை என்போம்.

நம் கொங்குநாட்டு வரலாறும் இதற்குச் சான்று தருகின்றது. ஜி. டி. நாயுடு அவர்கள் 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கினார். பிற்காலத்தில் அது பெரிய பஸ் ஸ்தாபனமாக வளர்ந்தது. முதலாளியே ஓட்டுநராய் இருந்தமையால் ஓட்டுநர் வேலையின் அருமையை அவர் அறிந்திருந்தார். அவருக்கு முன்னரே, 1912-இல் பஸ் நடத்தத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார் அவர்களின் ஸ்தாபனம் காலந்தவறாமையால் மக்களின் மதிப்பைப் பெற்றது. இவர்கள் விற்றது வெறும் இருக்கையன்று, நம்பிக்கை. அந்நம்பிக்கையை நாள்தோறும் ஊர்தோறும் கொண்டு சென்றவர்கள் ஓட்டுநர்களே.

நிற்க. இதுவரை கூறியதைக் கேட்டு, "அப்படியாயின் எல்லா ஓட்டுநரும் நாளைமுதல் சுத்தமாக வரவேண்டும்" என்று ஆணையிட எழும் முதலாளிகளை நாம் ஒரு வினா வினவ விரும்புகின்றோம். அவர் எங்கே குளிப்பார்? எப்பொழுது உறங்குவார்? எஞ்சினின் வெக்கையில் பகலெல்லாம் வெந்து, வண்டியிலேயே சுருண்டு படுத்து எழுபவரின் சட்டை வெளுப்பாயிராமை அவர் குற்றமா? 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலைநேரத்தை நாளொன்றுக்கு 8 மணி என வரையறுத்தது. சீருடையைப் பற்றியும் ஓய்வறையைப் பற்றியும் பேசிற்று. அவற்றையெல்லாம் முதலாளியின் கடமையாகவே அது கண்டது. 2025 அக்டோபர் முதல் தேதிக்குப்பின் செய்யப்படும் பெரிய லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்று மத்திய அரசு விதித்துள்ளது. சட்டம் இவ்வளவு தூரம் வந்திருக்க, நம் மனம் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றது?

சரக்கை எதிர்பார்த்து வாயிலில் நிற்கும் வியாபாரி, சரக்கைக் கொண்டுவந்தவரை "வாடா, போடா" என்று விளித்து வெயிலில் நிறுத்துவதை நாம் கண்டிருக்கின்றோம். தகப்பன் வயதுள்ளவரை மகன் வயதினர் அவ்வாறு அழைப்பதையும் கேட்டிருக்கின்றோம். மதிப்பைக் கொடாதவர் மதிப்பான தோற்றத்தை எதிர்பார்த்தல், விதைக்காத நிலத்தில் அறுவடைக்குச் செல்வதை ஒக்கும். ஒவ்வொரு கிடங்கின் வாயிலிலும் ஒரு குழாய், ஒரு குளியலறை, நிழலில் ஒரு பெஞ்சு ஆகிய இவற்றுக்குச் செலவாவது அதிகமன்று. நேரந்தவறினால் படியைப் பிடிக்கும் வழக்கத்தை விட்டு, பத்திரமாக வந்தவருக்குப் படியைக் கூட்டித் தந்தால், அத்தொகை விபத்தொன்றைத் தவிர்த்த இலாபத்தில் ஈடாகிவிடும்.

ஆகவே ஓட்டுநரின் தோற்றமும் தொழில் ஒழுக்கமும் வியாபாரத்தின் ஆக்கத்தைப் பாதிக்கும் என்பதே நம் முடிவு. ஆனால் அத்தோற்றம் ஓட்டுநர் ஒருவர் தனியே தைத்துக்கொள்ளும் சட்டையன்று. முதலாளியும் வியாபாரியும் அவரும் சேர்ந்து நெய்யவேண்டிய துணி. மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் மேசையின் முன் அமர்ந்திருக்கும்போது, இரவெல்லாம் கண்விழித்து வந்த ஒருவர் கதவருகே நிற்பார். அவர் சட்டையைப் பார்க்குமுன் அவருக்கு ஒரு நாற்காலியைக் காட்டுங்கள். உங்கள் தொழிலின் தோற்றம் அங்கே தொடங்குகின்றது.