சுக்கானை யார் பிடிப்பது?

யுத்தகாலத்தில் எங்கள் கடற்றொழிலாளர்கள் பாஸ் எடுத்தே கடலுக்குப் போனார்கள். இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் கட்டுப்பாடு இருந்தது. இன்று வாழைச்சேனைத் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் பலநாள் படகுகளைப் பார்க்கையில், கருவிகள் யாருக்காக வந்தன என்ற கேள்வி எனக்குள் எழுகிறது.

2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை நடைமுறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து பலநாள் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. 2016 ஜூனில் தடை நீங்கியது. ஆனால் அந்தக் கருவி படகு நிற்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லுமே தவிர, சுக்கானைப் பிடிக்காது.

அதைச் செய்வது தானியங்கிச் செலுத்தி. குறித்த திசையிலிருந்து படகு விலகினால், திசைகாட்டியின் கணிப்பைக் கொண்டு மோட்டார் சுக்கானைத் திருப்பும். இரவிரவாகச் சுக்கானில் நிற்பவரின் களைப்புக் குறையும். ஆனால் எதிரே கிடக்கும் வலையோ, விளக்கில்லாத வள்ளமோ அதற்குத் தெரியாது. தோணிகளும் வலைகளும் நிறைந்த, ஆழம் குறைந்த மட்டக்களப்பு வாவிக்கு அது உதவாது. ஆழ்கடலிலும் ஒருவர் விழித்திருந்தே ஆகவேண்டும். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளும் அதையே சொல்கின்றன.

ஏற்றுமதியைக் காக்கக் கருவியைக் கட்டாயமாக்க முடிந்த அரசுக்கு, படகில் இருப்பவரின் உடலையும் உயிரையும் காக்கும் கருவிக்கு இலகு கடன் கொடுக்கவும் முடியும். அதைக் கேட்கவேண்டியது எங்கள் சங்கங்கள்தான்.